பிர்கன்ஹெட் பூங்கா: நகர ஆணையம் கடன் வாங்கி அமைத்த மக்கள் பூங்கா

இங்கிலாந்தின் வடமேற்கில், மெர்சி ஆற்றின் மேற்குக் கரையில், லிவர்ப்பூலுக்கு நேர் எதிரே அமைந்திருக்கும் பிர்கன்ஹெட் நகரில் 1847 ஏப்ரல் 5 அன்று ஒரு பூங்கா திறக்கப்பட்டது. அதற்கு முன்பும் பிரிட்டனில் பொதுமக்கள் நுழையக்கூடிய பூங்காக்கள் இருந்தன. அவற்றில் சில அரச குடும்பத்தின் அனுமதியால் திறந்திருந்தன, சில செல்வந்தர்களின் கொடையால் வந்தவை, வேறு சில ஊர்மக்கள் திரட்டிய நன்கொடையில் எழுந்தவை. ஒரு நகர நிர்வாக அமைப்பே நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக அதிகாரம் பெற்று, பொதுக்கடன் வாங்கி, அந்தப் பணத்தில் நிலத்தை வாங்கி, அதை எல்லா நாளும் எல்லோருக்கும் கட்டணமின்றித் திறந்துவிட்டது பிர்கன்ஹெட்டில்தான் முதலில் நடந்தது என்று பூங்கா வரலாற்றை ஆராய்ந்தவர்கள் பொதுவாக ஏற்கிறார்கள்.

இந்தப் பூங்காவைப் பற்றிய பெரும்பாலான குறிப்புகள் அதன் ஏரிகள், பாலம், நுழைவாயில் ஆகியவற்றின் அழகைச் சொல்லிவிட்டு நியூயார்க் சென்ட்ரல் பார்க்கோடு அதற்குள்ள உறவைத் தொட்டு முடிந்துவிடுகின்றன. அந்த உறவு உண்மையானது. இந்த ஆய்வும் அதற்கு இடம் தருகிறது. ஆனால் இந்த நிகழ்வில் நாம் முதலில் திறந்து பார்க்க வேண்டியது பூங்காவை அமைத்த நகர ஆணையர்களின் கணக்குப் புத்தகம் என்பது என் உறுதியான எண்ணம். பூங்காவுக்கான பணம் எங்கிருந்து வந்தது, எந்த நம்பிக்கையில் கடன் எழுப்பப்பட்டது, அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் பலித்தது என்ற கேள்விகளைத் தொடர்ந்து போனால்தான், "இது எங்களுடையது" என்று சொல்லும் உரிமை ஊர்மக்களுக்கு எப்படி வந்தது என்பதும், பின்னாளில் அந்தப் பூங்கா ஏன் நலிந்தது என்பதும் விளங்கும்.

பூங்கா தேவைப்பட்ட காலம்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே பிரிட்டனில் இரண்டு மாற்றங்கள் ஒரே சமயத்தில் நிகழ்ந்துவந்தன. ஊர்ப் பொதுநிலங்களும் மேய்ச்சல் வெளிகளும் நாடாளுமன்றச் சட்டங்களின் மூலம் வேலியிடப்பட்டுத் தனியார் உடைமையாகிக்கொண்டிருந்தன. நூற்பாலைகளும் இரும்பாலைகளும் இழுத்த மக்கள் கூட்டம் நகரங்களில் நெருக்கியடித்துக் குடியேறிக்கொண்டிருந்தது. வாரத்தில் ஆறு நாளும் உழைத்த குடும்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலாற நடக்க இடம் இருக்கவில்லை. 1833-ஆம் ஆண்டு ராபர்ட் ஸ்லேனி என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் தலைமையில் அமைந்த பொது நடைவெளிகள் பற்றிய தெரிவுக்குழு இந்த நிலையைத்தான் ஆராய்ந்தது. மக்கள்தொகை பெருகிய வேகத்துக்கு ஈடாக எந்தப் பெருநகரத்திலும் திறந்தவெளி ஒதுக்கப்படவில்லை என்று அது பதிவு செய்தது.

குழுவின் பரிவில் பல நோக்கங்கள் கலந்திருந்தன. உடல்நலம் அவற்றில் ஒன்று. உழைக்கும் மக்களை மதுக்கடையிலிருந்தும் சூதாட்டத்திலிருந்தும் விலக்குவது இன்னொன்று. முதலாளியும் தொழிலாளியும் ஒரே பாதையில் குடும்பத்தோடு நடந்தால் வர்க்கப் பகை தணியும் என்ற எதிர்பார்ப்பும் அதில் இருந்தது. வாக்குரிமை கேட்டுச் சாசன இயக்கம் எழுந்த அடுத்த சில ஆண்டுகளில் இந்தக் கடைசி நோக்கம் இன்னும் கனமாகியது. எனவே பூங்கா இயக்கத்தைக் கருணையின் விளைவு என்று மட்டும் எழுதுவதும், அடக்குமுறையின் கருவி என்று மட்டும் எழுதுவதும் அந்தக் காலத்துக்குச் செய்யும் அநீதியாகும். அதே ஆட்களின் மனத்தில் இரண்டும் சேர்ந்தே இருந்தன.

குழு தேவையைச் சொன்னது. பணத்துக்கு வழி சொல்லவில்லை. அடுத்த பத்தாண்டுகளில் வெவ்வேறு ஊர்கள் வெவ்வேறு வழிகளைத் தேடிக்கொண்டன. டார்பி நகரில் துணியாலை உரிமையாளர் ஜோசப் ஸ்ட்ரட் 11 ஏக்கர் மரத்தோட்டத்தை ஜான் கிளாடியஸ் லௌடனைக் கொண்டு வடிவமைத்து 1840-இல் நகருக்குக் கொடையாக அளித்தார். ஆனால் பராமரிப்புச் செலவுக்காக அங்கே வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே இலவசம், மற்ற நாட்களில் கட்டணம். கிழக்கு லண்டனில் 30,000 பேர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தின் பின் அரசே விக்டோரியா பூங்காவை அமைக்க முன்வந்தது. அதற்கான பணம், யார்க் ஹவுஸ் என்ற மாளிகையின் குத்தகை உரிமையை 72,000 பவுண்டுக்கு விற்றதில் கிடைத்தது. மான்செஸ்டரும் சால்ஃபோர்டும் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி, அரசின் 3,000 பவுண்ட் உதவியையும் சேர்த்து, 1846 ஆகஸ்ட் 22 அன்று ஒரே நாளில் மூன்று பூங்காக்களைத் திறந்தன. இந்த வழிகள் எல்லாம் யாரோ ஒருவருடைய விருப்பத்தையோ ஏதோ ஒரு முறை கிடைத்த வாய்ப்பையோ நம்பியிருந்தன.

புதிதாக முளைத்த ஊர்

1801-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிர்கன்ஹெட்டில் இருந்தவர்கள் 110 பேர். பழைய மடாலயத்தின் இடிபாடும் சில பண்ணைகளும்தான் அங்கே இருந்தன. நீராவிப் படகுகள் மெர்சி ஆற்றைக் கடக்கத் தொடங்கியதும் லிவர்ப்பூல் வணிகர்களுக்கு எதிர்க்கரை பக்கத்து வீதி போல ஆகிவிட்டது. 1824-இல் வில்லியம் லெயர்ட் அங்கே கொதிகலன் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். அது விரைவிலேயே இரும்புக் கப்பல் கட்டும் தளமாக வளர்ந்தது. எடின்பரோ கட்டடக் கலைஞர் கில்லெஸ்பி கிரஹாமைக் கொண்டு ஹாமில்டன் சதுக்கத்தையும் நேர்கோட்டு வீதிகளையும் வரையச் செய்தவரும் அவரே. 1841-இல் ஊரின் மக்கள்தொகை 8,000-ஐத் தாண்டியிருந்தது.

இவ்வளவு வேகமாக வளர்ந்த ஊருக்குப் பழைய நகரசபை எதுவும் இல்லை. 1833-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி மேம்பாட்டு ஆணையர்கள் என்ற அமைப்பு உருவானது. தெருக்களுக்குக் கல் பாவுவது, விளக்கேற்றுவது, குப்பை அகற்றுவது, சந்தையை நடத்துவது ஆகியவை அதன் பணிகள். லெயர்ட் குடும்பத்தார் உட்பட ஊரில் நிலமும் தொழிலும் வைத்திருந்தவர்களே அதில் செல்வாக்குடன் இருந்தார்கள். பழைய வழக்கங்களும் பழைய உரிமையாளர்களும் இல்லாத ஊர் என்பதால், மற்ற நகரங்களில் வாதமாகவே நின்றுபோன காரியத்தைச் செய்து பார்க்கும் சுதந்திரம் இவர்களுக்கு இருந்தது. ஆற்றின் மறுகரையில் லிவர்ப்பூலின் நெரிசலும் நோயும் அன்றாடம் கண்ணில் பட்டன. தங்கள் ஊர் அப்படி ஆகிவிடக் கூடாது என்ற அக்கறையும், லிவர்ப்பூலின் வசதியான குடும்பங்களை இக்கரைக்கு ஈர்க்க வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்திருந்தன. 1841-இல் ஐசக் ஹோம்ஸ் என்ற ஆணையர் பூங்கா யோசனையை முன்வைத்தார்.

1843 சட்டமும் அதன் கணக்கும்

யோசனையை நிறைவேற்ற ஆணையர்கள் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். 1843-இல் கிடைத்த சட்டம் பூங்காவுக்காக நிலம் வாங்கும் அதிகாரத்தை அவர்களுக்கு அளித்தது. அதோடு ஒரு நிபந்தனையையும் விதித்தது: வாங்கும் நிலத்தில் குறைந்தது 70 ஏக்கரை ஊர்மக்களின் இலவசப் பொழுதுபோக்குக்காக ஒதுக்கியே ஆக வேண்டும். அரசிடமிருந்து 60,000 பவுண்ட் கடன் பெறப்பட்டு, ஊரின் மேற்கு எல்லைக்கு அப்பால் 226 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. அதில் பூங்காவுக்கென்று ஒதுக்கியது 125 ஏக்கர். சட்டம் கேட்டதைவிட இது 55 ஏக்கர் அதிகம். மீதியிருந்த சுமார் 100 ஏக்கரை வீட்டு மனைகளாகப் பிரித்து விற்பதாகத் திட்டம்.

திட்டத்தின் உயிர் இந்த மீதி 100 ஏக்கரில்தான் இருந்தது. வாங்கும்போது அந்த இடம் நீர் தேங்கும் களிமண் தாழ்நிலம், விலை மலிவு. நடுவில் பூங்கா வந்துவிட்டால் அதைச் சுற்றியுள்ள மனைகளின் மதிப்பு உயரும். உயர்ந்த விலையில் மனைகளை விற்றுக் கடனை அடைத்தால், பூங்கா ஏறக்குறைய வரிச்சுமையின்றி ஊருக்குச் சொந்தமாகிவிடும். லண்டனின் ரீஜென்ட் பூங்காவைச் சுற்றி ஜான் நாஷ் இதே தத்துவத்தில்தான் வீடுகளை அமைத்தார். லிவர்ப்பூலில் ரிச்சர்ட் வான் யேட்ஸ் 1842-இல் தொடங்கிய பிரின்ஸஸ் பூங்காவும் இதே கணக்கைப் பின்பற்றியது. ஆனால் ரீஜென்ட் பூங்காவில் உயர்ந்த நில மதிப்பு அரச சொத்துக்குப் போனது, பிரின்ஸஸ் பூங்காவில் தனியார் முதலீட்டுக்குத் திரும்பியது. பிர்கன்ஹெட்டில் அது பொதுக்கடனை அடைப்பதற்காகப் பொது அமைப்பின் கையிலேயே தங்க வேண்டும் என்று வகுக்கப்பட்டது. பொது முதலீட்டால் ஏறும் நில மதிப்பை அந்த முதலீட்டுக்கே திருப்பும் முறையைப் பற்றி நகரத் திட்டமிடுவோர் இன்றும் விவாதிக்கிறார்கள். 1843-இலேயே ஒரு சிற்றூர் ஆணையம் அதைச் சட்டமாக்கிக் காட்டிவிட்டது.

இந்தக் கணக்கில் சங்கடமான பக்கமும் உண்டு. பூங்காவை ஒட்டி யார் வாழ்வார்கள் என்பதை மனையின் விலை தீர்மானித்தது. கட்டட விதிகளால் தரம் காக்கப்பட்ட மனைகள் வசதியுள்ளவர்களுக்கானவை. கப்பல்துறையில் மூட்டை சுமந்தவரும் கொதிகலன் தொழிலாளியும் ஆற்றங்கரையோரத் தெருக்களில்தான் குடியிருந்தார்கள். அவர்கள் நடந்து வர வேண்டிய தொலைவில் பூங்கா இருந்தது. நகரின் பிரமுகர்களே ஆணையர்களாகவும், நிலமதிப்பு உயர்வால் பயன்பெறும் உரிமையாளர்களாகவும் இருந்ததை மறைத்து இந்த நிகழ்வை எழுத முடியாது. ஆனாலும், நுழைவாயிலில் கட்டணம் கேட்க யாருக்கும் அதிகாரம் இல்லை என்பதைச் சட்டமே உறுதி செய்திருந்தது; டார்பியின் தொழிலாளிக்கு வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தது பிர்கன்ஹெட் தொழிலாளிக்கு ஏழு நாளும் கிடைத்தது.

சட்டத்தில் ஏக்கர் கணக்கை எழுதிவைத்ததன் அருமையைச் சென்னைவாசிகள் எளிதில் உணரலாம். 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், பிரிட்டனில் பரவிக்கொண்டிருந்த இதே இயக்கத்தின் தாக்கத்தில், சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே 100 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் பீப்பிள்ஸ் பார்க்கை உருவாக்கினார். விக்டோரியா பொது மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த கட்டடங்கள் அந்தப் பூங்காவை விழுங்கிவிட்டன. பிர்கன்ஹெட்டில் மனைகளுக்கும் பூங்காவுக்கும் இடையே 1840-களில் போட்ட கோடு இன்றும் பெரிதும் அழியாமல் இருக்கிறது.

சேற்று நிலத்தில் பாக்ஸ்டனின் வேலை

வடிவமைப்பை ஒப்படைக்க ஆணையர்கள் தேர்ந்தெடுத்தவர் ஜோசப் பாக்ஸ்டன். பெட்ஃபோர்ட்ஷயரின் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, 23 வயதில் டெவன்ஷயர் பிரபுவின் சாட்ஸ்வொர்த் மாளிகைக்குத் தலைமைத் தோட்டக்காரராக வந்தவர் அவர். மாபெரும் கண்ணாடிக் கூடங்களைக் கட்டி ஏற்கனவே புகழ் பெற்றிருந்தார். 1851-இல் லண்டனில் படிக மாளிகையை எழுப்பப்போகிறவரும் அவரே. இந்தப் பணிக்கு அவருக்குப் பேசிய ஊதியம் 800 பவுண்ட். நிலத்தைப் பார்த்த பாக்ஸ்டன் அதன் தரத்தில் திருப்தி அடையவில்லை. எனினும் மோசமான பொருளிலிருந்து நல்லதொன்றை உருவாக்கினால் தமக்குக் கிடைக்கும் பெருமை கூடும் என்ற பொருளில் மனைவிக்குக் கடிதம் எழுதினார்.

நிலத்தின் குறையைப் போக்கச் செய்த வேலையே வடிவமைப்பாகவும் மாறியது என்பதுதான் இந்தப் பூங்காவின் தொழில்நுட்பச் சிறப்பு. தேங்கி நின்ற நீரை வடிகால்கள் வழியாக இரண்டு ஏரிகளுக்குக் கொண்டுசேர்த்தார்கள். ஏரிகளைத் தோண்டியெடுத்த மண்ணையும் கல்லையும் கொண்டு மண்மேடுகளும் பாறைச் சரிவுகளும் எழுப்பப்பட்டன. தட்டையாகக் கிடந்த களிமண் வெளிக்கு இப்படித்தான் மேடு பள்ளம் வந்தது. ஏரிகளின் கரை வளைந்து நெளிந்து செல்வதாலும் நடுவே தீவுகள் இருப்பதாலும் எந்த இடத்தில் நின்றாலும் நீர்ப்பரப்பு முழுவதையும் ஒரே பார்வையில் காண முடியாது. நடப்பவர் ஒரு திருப்பத்தைக் கடந்ததும் புதுக் காட்சி ஒன்று திறக்கும். 125 ஏக்கர் அதைவிடப் பெரியதாகத் தோன்றுவதற்கு இது காரணம். மேடுகளிலும் எல்லையோரங்களிலும் அடர்த்தியாக மரங்கள் நடப்பட்டன. நடுவில் அகன்ற புல்வெளிகள் வெறுமையாக விடப்பட்டன. பிரபுக்களின் மாளிகைத் தோட்டங்களில் பல தலைமுறைகளாகப் பழகிய இயற்கைக் காட்சிப் பாணியை, கையில் அழைப்பிதழ் இல்லாத கூட்டத்துக்காகப் பாக்ஸ்டன் திருப்பி அமைத்தார்.

போக்குவரத்தை அவர் பிரித்த விதம் தனியாகக் குறிப்பிட வேண்டியது. குதிரை வண்டிகளுக்கான அகன்ற சாலை பூங்காவின் வெளிப்பகுதியைச் சுற்றி வளையமாக ஓடுகிறது. நடப்பவர்களுக்கான பாதைகள் உட்புறத்தில் ஏரிகளையும் மேடுகளையும் ஒட்டித் தனியே வளைந்து செல்கின்றன. நகரின் குறுக்குப் போக்குவரத்துக்கென ஆஷ்வில் சாலை பூங்காவை இரண்டு பாதிகளாக வெட்டிச் செல்கிறது. மூன்று வகைப் பயணங்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் நடக்க முடிந்தது. குழந்தையோடு நடக்கும் பெண் வண்டிச் சக்கரத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது அந்தக் காலத்தில் சிறிய காரியமில்லை.

வேலையை அன்றாடம் மேற்பார்வையிட்டவர் எட்வர்ட் கெம்ப். சாட்ஸ்வொர்த்தில் பாக்ஸ்டனிடம் பயின்ற இந்த இளைஞர் இருபதுகளின் நடுவில் பிர்கன்ஹெட்டுக்கு வந்து, பின்னர் பூங்காவின் கண்காணிப்பாளராகி, 1891-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். பாக்ஸ்டன் பல பணிகளுக்கிடையே வந்து போனவர். நட்ட மரம் பிழைத்ததா, வடிகால் அடைத்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தவர் கெம்ப். பூங்காவின் புகழில் அவருக்குச் சேர வேண்டிய பங்கு இன்னும் முழுமையாகச் சேரவில்லை என்றே நான் கருதுகிறேன். கட்டடங்களை லூயிஸ் ஹார்ன்ப்ளோவரும் ஜான் ராபர்ட்சனும் வரைந்தார்கள். அயோனியத் தூண்கள் தாங்கிய பெரும் நுழைவாயில், கல்லால் ஆன படகு வீடு, கூரையிட்ட மரத்தாலான சுவிஸ் பாலம், கோதிக், இத்தாலிய, நார்மன் பாணிகளில் ஒவ்வொரு வாயிலிலும் ஒவ்வொரு விதமாக எழுந்த காவலர் இல்லங்கள் ஆகியவை அவர்கள் கைவண்ணம்.

திறப்பும் தடுமாற்றமும்

1847-இன் ஈஸ்டர் திங்கட்கிழமை நடந்த விழாவில் மார்பெத் பிரபு பூங்காவைத் திறந்துவைத்தார். ஊரின் புதிய கப்பல்துறைகளும் அதே நாளில் திறக்கப்பட்டன. அவற்றில் ஒன்றுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. சுமார் 10,000 பேர் பூங்கா விழாவில் திரண்டதாகச் சொல்லப்படுகிறது. துறைமுகமும் பூங்காவும் ஒரே நாளில் திறக்கப்பட்டதில் ஆணையர்களின் கனவு முழுவதும் வெளிப்பட்டது: துறைமுகம் ஊருக்கு வருமானம் தரும், பூங்கா ஊருக்கு மனிதர்களைத் தரும்.

ஆனால் அந்த ஆண்டே பிரிட்டனைக் கடுமையான நிதி நெருக்கடி தாக்கியது. ரயில்வே பங்குகளில் கொட்டிய பணம் கரைந்தது, வங்கிகள் தடுமாறின, கட்டுமானம் நின்றது. பிர்கன்ஹெட்டின் கப்பல்துறைத் திட்டமும் பணமின்றித் திணறி, இறுதியில் 1850-களில் மறுகரையின் துறைமுக நிர்வாகத்திடம் போய்ச் சேர்ந்தது. பூங்காவைச் சுற்றிய மனைகளும் எதிர்பார்த்த வேகத்தில் விற்கவில்லை. திட்டமிட்ட வீட்டு வரிசைகளில் சில எழுந்தன, பல இடங்கள் பல ஆண்டுகள் வெறுமையாகவே கிடந்தன. நிலமதிப்பு உயர்வை நம்பிய திட்டம் எதுவானாலும் அது சந்தையின் காலநிலைக்குக் கட்டுப்பட்டது என்பதை ஆணையர்கள் முதல் ஆண்டிலேயே அனுபவித்தார்கள்.

ஆயினும் பூங்கா மூடப்படவில்லை, கட்டணமும் விதிக்கப்படவில்லை. கடன் ஆணையத்தின் பெயரில் இருந்தது. நிலம் சட்டத்தால் ஒதுக்கப்பட்டிருந்தது. செல்வந்தர் ஒருவரின் முயற்சியாக இருந்திருந்தால் நெருக்கடி வந்த ஆண்டில் புல்வெளியில் ஒரு பகுதி மனையாக மாறியிருக்கக்கூடும். பொதுநிலமாக இருந்ததனால்தான் பிர்கன்ஹெட் பூங்கா தன் முதல் சோதனையைத் தாண்டியது.

ஒரு பேக்கரிக்காரர் காட்டிய வழி

1850 மே மாதம் அமெரிக்காவிலிருந்து மூன்று இளைஞர்கள் லிவர்ப்பூலில் கப்பலிறங்கி, கிராமப்புறங்களில் நடைப்பயணம் செய்யும் நோக்கத்தோடு பிர்கன்ஹெட்டுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஃபிரெடரிக் லா ஓல்ம்ஸ்டெட். அப்போது விவசாயத்தில் ஈடுபட்டிருந்தவர், இன்னும் நிலக்காட்சி வடிவமைப்பாளர் ஆகாதவர். ரொட்டி வாங்கப் போன கடையில் பேக்கரிக்காரர், புதிய பூங்காவைப் பார்க்காமல் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று வற்புறுத்தினார். அவர் சொல்லைக் கேட்டு அவர்கள் பூங்காவுக்குள் நுழைந்தார்கள்.

தாம் கண்டதை ஓல்ம்ஸ்டெட் 1852-இல் வெளியிட்ட பயண நூலில் விரிவாக எழுதினார். தோட்டக்கலை நுணுக்கத்தையும் வடிகால் முறையையும் அவர் கூர்ந்து விசாரித்திருக்கிறார். மழை வந்தபோது எல்லாத் தரப்பு மக்களும் ஒரே கூரையின் கீழ் ஒதுங்கியதைக் குறித்திருக்கிறார். அரசிக்கு இந்தப் பூங்காவில் என்ன உரிமை உண்டோ அதே உரிமை மிக ஏழைக்கும் உண்டு என்றும், அதற்கும் மேலாக அந்த பேக்கரிக்காரருக்கு இதில் உடைமையாளரின் பெருமிதம் இருக்கிறது என்றும் அவர் எழுதினார். ஜனநாயக நாடு என்று சொல்லிக்கொள்ளும் தம் அமெரிக்காவில் இதற்கு இணையான மக்கள் தோட்டம் எதுவும் இல்லையே என்ற ஆதங்கமும் அதில் உண்டு.

அந்த பேக்கரிக்காரரின் பெருமிதத்தை ஓல்ம்ஸ்டெட் சரியாக அடையாளம் கண்டார் என்பதே இந்த ஆய்வின் நடுவான கருத்து. கொடையாகக் கிடைத்த தோட்டத்துக்குள் நுழைபவர் நன்றியுள்ளவராக நடந்துகொள்ள எதிர்பார்க்கப்படுவார். தன் ஊர் கடன்பட்டு வாங்கிய பூங்காவில் நடப்பவர் அந்நியரை அழைத்துக் காட்டுவார், குறை கண்டால் கேள்வி கேட்பார். திறந்து மூன்றே ஆண்டுகளில், மனைகள் விற்காமல் ஆணையம் தவித்த காலத்தில், ஒரு சாதாரணக் கடைக்காரர் வழிப்போக்கரிடம் அப்படிப் பேசியிருக்கிறார்.

1858-இல் ஓல்ம்ஸ்டெட்டும், லண்டனில் பிறந்த கட்டடக் கலைஞர் கால்வர்ட் வாக்ஸும் சேர்ந்து அளித்த வரைபடம் நியூயார்க் சென்ட்ரல் பார்க்குக்கான போட்டியில் வென்றது. வண்டிக்கும் நடைக்கும் தனித்தனிப் பாதைகள் அங்கேயும் வந்தன. நகரின் குறுக்குச் சாலைகள் ஒரு படி மேலே போய்த் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கப்பட்டன. சதுப்பை வடித்து ஏரியாக்கியது, மண்ணைக் குவித்து மேடாக்கியது, அகன்ற புல்வெளியை மரங்களால் சூழ்ந்தது ஆகியவற்றிலும் பிர்கன்ஹெட்டின் பாடம் தெரிகிறது. பொதுப்பணத்தில் பூங்கா அமைப்பது சாத்தியம் என்ற நிரூபணத்தையும் ஓல்ம்ஸ்டெட் இங்கிருந்தே எடுத்துச் சென்றார்.

சட்டம் பேசாத இடம்

பிர்கன்ஹெட்டின் உதாரணத்துக்குப் பின் பிரிட்டிஷ் நகரங்கள் விரைவாகத் தொடர்ந்தன. 1848-இன் பொதுச் சுகாதாரச் சட்டம் உள்ளூர் நிர்வாகங்கள் பொது நடைவெளிகளை அமைக்க வழி திறந்தது. 1875-இன் சட்டம் அதை இன்னும் விரிவாக்கியது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்று லாங்காஷயர் ஆலைகள் மூடப்பட்ட 1860-களில், வேலையிழந்த தொழிலாளர்களைக் கொண்டே பிரெஸ்டன் நகரம் தன் பூங்காக்களை அமைத்தது. அவற்றை வரைந்த எட்வர்ட் மில்னரும் பாக்ஸ்டனின் மாணவர். லிவர்ப்பூலின் செஃப்டன் பூங்காவுக்கான போட்டியில் பிரெஞ்சுக்காரர் எடுவார் ஆந்த்ரேயுடன் சேர்ந்து வென்றவர், பிர்கன்ஹெட் நுழைவாயிலை வரைந்த அதே ஹார்ன்ப்ளோவர்.

பிர்கன்ஹெட் பூங்கா இதற்கிடையே ஊரின் பொதுவாழ்வு நடக்கும் களமாகிவிட்டது. 1846-இல் தோன்றிய கிரிக்கெட் சங்கமும் 1871-இல் தோன்றிய ரக்பி சங்கமும் பூங்காவின் பெயரையே தாங்கின. 1917 செப்டம்பரில் வேல்ஸ் மக்களின் தேசியக் கவிதை விழாவான ஐஸ்டெத்வோட் இங்கே நடந்தது. முதற்பரிசு பெற்ற கவிஞரைப் புனைபெயர் சொல்லி மேடைக்கு அழைத்தபோது எவரும் எழவில்லை. ஹெத் வின் என்று அறியப்பட்ட அந்த இளைஞர் ஜூலை 31 அன்றே பெல்ஜியப் போர்முனையில் கொல்லப்பட்டிருந்தார். அவருக்கென வைத்திருந்த நாற்காலியைக் கருந்துணியால் போர்த்தினார்கள். அதைச் செதுக்கியவர் பெல்ஜியத்திலிருந்து அகதியாக வந்து பிர்கன்ஹெட்டில் வாழ்ந்த தச்சர் யூஜீன் வான்ஃப்ளெட்டரன். பூங்காவில் அந்நிகழ்வுக்கு இன்று நினைவுச்சின்னம் உண்டு.

பூங்காவின் நலிவுக்கான காரணத்தைத் தேடினால் மீண்டும் 1843-க்கே போக வேண்டியிருக்கிறது. எத்தனை ஏக்கர் ஒதுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. ஆண்டுதோறும் யார், எந்த நிதியிலிருந்து, எந்தத் தரத்தில் பராமரிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மனை விற்பனையில் கிடைக்கும் பணம் கடனை அடைக்கலாம். தோட்டக்காரரின் கூலி ஒவ்வொரு ஆண்டும் வரும் செலவு. நகரம் செழித்த காலத்தில் இந்த இடைவெளி யார் கண்ணிலும் படவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கப்பல் தொழில் சுருங்கியது, 1974-இல் பிர்கன்ஹெட் விர்ரல் (Wirral) என்ற மாநகர நிர்வாகத்துக்குள் சேர்க்கப்பட்டது, 1980-களில் உள்ளாட்சிச் செலவுகள் நெருக்கப்பட்டு, புல்வெளி வெட்டுவது போன்ற பணிகள் கட்டாய ஏலமுறைக்கு விடப்பட்டன. குறைந்த விலை கேட்ட ஒப்பந்தக்காரர் வாரம் ஒருமுறை வந்து புல்லை வெட்டிப் போகும் முறையில், கெம்ப் போல ஒரே பூங்காவில் ஆயுளைக் கழித்த கண்காணிப்பாளருக்கு இடம் இல்லாமல் போனது. பிரிட்டனின் பூங்காக்களில் பெரும்பாலானவை அந்தப் பத்தாண்டுகளில் ஒன்றாகவே சீர்கெட்டன.

மீட்பு 1990-களில் தொடங்கியது. 1995-இல் இந்தப் பூங்கா வரலாற்றுத் தோட்டங்களின் பதிவேட்டில் முதல் தரத்துக்கு உயர்த்தப்பட்டது. 1996 முதல் தேசிய லாட்டரிப் பணத்திலிருந்து நகரப் பூங்காக்களுக்கு நிதி வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த வழியில் கிடைத்த பெரும் உதவியோடு, 1.1 கோடி பவுண்டுக்கும் மேலான செலவில் ஏரிகள் தூர்வாரப்பட்டன, பாலமும் படகு வீடும் நுழைவாயிலும் சீராக்கப்பட்டன, பார்வையாளர் மையம் ஒன்றும் கட்டப்பட்டது. பழுதை நீக்க இப்படி ஒரு முறை வரும் பெருந்தொகை, 1843-இன் கடனைப் போலவே, முதலீட்டுப் பணம். அதற்குப் பிந்தைய ஆண்டுச் செலவு அதே உள்ளாட்சியின் தலையில்தான் விழுகிறது.

இங்கிலாந்தில் உள்ளாட்சிகள் நூலகம் நடத்துவது சட்டப்படியான கடமை. பூங்கா நடத்துவது இன்றுவரை அவற்றின் விருப்பம். 2017-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று பூங்காக்களின் எதிர்காலத்தை விரிவாக ஆராய்ந்து, அவற்றின் பயனை ஐயமின்றி ஏற்றுக்கொண்டபோதும், பராமரிப்பைச் சட்டக் கடமையாக்கப் பரிந்துரைக்கவில்லை. 2023-இல் பிர்கன்ஹெட் பூங்காவை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதிக்கான தன் உத்தேசப் பட்டியலில் பிரிட்டிஷ் அரசு சேர்த்தது. முழு விண்ணப்பம் தயாராகும்போது, இடத்தின் சிறப்பை விளக்குவதோடு, அது எப்படிப் பாதுகாக்கப்படும் என்ற மேலாண்மைத் திட்டத்தையும் அரசு எழுத்தில் தர வேண்டியிருக்கும். 1843-இல் விடுபட்ட பராமரிப்பு நிதி பற்றிய விதி அந்த ஆவணத்திலாவது ஆண்டுத் தொகையோடும் பொறுப்பேற்கும் அமைப்பின் பெயரோடும் இடம்பெற வேண்டும்.